பயிற்சி முடிந்ததும் செயலி கேட்கும் ‘எப்படி இருந்தது?’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் ஸ்மார்ட் ட்ரெய்னரில் (பெடலின் தடையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி) சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிப்பவர்களுக்கு, இன்றைக்கு என்ன பயிற்சி என்பதைச் செயலியே தேர்ந்து கொடுக்கிறது. முடித்துவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட இறங்கும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: ‘எப்படி இருந்தது?’ பலர் சரியாகப் படிக்காமலே எதையோ ஒன்றைத் தட்டிவிட்டுத் துண்டைத் தேடப் போய்விடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, ‘இந்தச் செயலிக்கு என் உடம்பே புரியவில்லை’ என்று புலம்பல். கூடவே மிதிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டவையும், செயலிகளோடு நான் மல்லுக்கட்டிய காலத்தில் எனக்கு நானே கேட்டுக்கொண்டவையும் கீழே.

செயலி எதை வைத்து எனக்குப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கிறது?

பெரும்பாலான செயலிகளுக்கு அடித்தளம் ஒரே ஓர் எண்: எஃப்டிபி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்க முடிகிற அதிகபட்ச வாட் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்க யாரும் தயாராக இல்லாததால் குறுக்குவழிகள் உண்டு. 20 நிமிடம் முழு மூச்சில் மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுப்பது ஒன்று. 220 வாட் வந்தால் எஃப்டிபி 209. இன்னொன்று ராம்ப் டெஸ்ட். சுமை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். கால் ஓயும்வரை மிதிக்க வேண்டும். அதில் கிடைத்த மிகச் சிறந்த ஒரு நிமிடத்தின் 75 சதவீதம்தான் எஃப்டிபி. 280 வாட் எட்டியிருந்தால் 210.

அடுத்தது சுமைக் கணக்கு. எஃப்டிபி அளவில் ஒரு மணி நேரம் மிதித்தால் 100 புள்ளி. 42 நாளை அளவாகக் கொண்ட, பழைய நாட்களுக்கு மெல்ல மெல்ல எடை குறையும் நகரும் சராசரியை ‘உடல்தகுதி’ என்றும், 7 நாளை அளவாகக் கொண்ட அதே மாதிரிச் சராசரியைக் ‘களைப்பு’ என்றும் எடுத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதை ‘புத்துணர்ச்சி’ என்கிறார்கள். இந்தச் சிந்தனை புதியதல்ல. உடற்பயிற்சி ஆய்வாளர் எரிக் பானிஸ்டரும் அவருடன் இருந்தவர்களும் 1975-இல் முன்வைத்த மாதிரியிலிருந்து கிளைத்தது.

இதற்கு மேல் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பாணி. வாஹூ சிஸ்டம் 5 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம், 20 நிமிடம் என்று நான்கு கால அளவுகளில் உங்களை அளக்கிறது. எக்ஸெர்ட், த்ரெஷோல்ட் ஆற்றல் (எஃப்டிபி போன்ற ஓர் அளவு), அதற்கு மேல் செலவழிக்கக் கையிருப்பில் உள்ள சக்தி, உச்ச ஆற்றல் என மூன்று எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. டிரெய்னர்ரோட் 2021-இல் கொண்டுவந்த முறையில், ஒவ்வொரு வகைப் பயிற்சிக்கும் உங்களுக்கு 1 முதல் 10 வரை ஒரு நிலை தரப்பட்டது. பயிற்சி முடிந்தபின் நீங்கள் சொல்லும் பதிலும் அந்த நிலையை ஏற்ற இறக்க உதவியது.

இந்தப் பட்டியலில் தூக்கம் இல்லை. நேற்று இரவு குழந்தை அழுதது இல்லை. அறையில் மின்விசிறி ஓடியதா என்பதும் இல்லை.

வாட், இதயத்துடிப்பு, கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை முறை பெடலைச் சுற்றுகிறோம் என்பது) எல்லாம் தானாகவே போய்ச் சேர்கிறதே. பிறகு என்னை எதற்குக் கேட்க வேண்டும்?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

எர்க் மோடில் மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். செயலி 200 வாட் என்றால் ட்ரெய்னர் 200 வாட்டைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வேகமாகச் சுற்றினால் தடையைக் குறைக்கும், மெதுவாகச் சுற்றினால் கூட்டும். முடிவில் வரைபடத்தைப் பார்த்தால் கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே மிதித்தவருக்கும் அதே கோடு. கடைசி இன்டர்வலில் (ஓய்வுகளுக்கு நடுவே வரும் கடுமையான பகுதி) ஹேண்டில்பாரைக் கடித்துக்கொண்டு மிதித்தவருக்கும் அதே கோடு. செயலியின் கணக்கில் இருவரும் நூற்றுக்கு நூறு.

வித்தியாசத்தைக் காட்டக்கூடியவை இரண்டே. ஒன்று இதயத்துடிப்பு. ஆனால் அது வெயில், காபி, பதற்றம், நீர் வற்றுதல் என்று எதற்கெல்லாமோ ஆடும். இன்னொன்று நீங்கள் சொல்லும் பதில். எர்க் மோட் மறைத்துவிடுகிற விஷயத்தை வெளியே கொண்டுவர இதைவிட நம்பகமான வழி கிடையாது. அதனால்தான் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது. ஆயிரக்கணக்கான அளவீடுகளை அனுப்பிவிட்டு, அவற்றுக்கு அர்த்தம் கொடுக்கிற ஒரு சொல்லை மட்டும் கைதவறித் தட்டுகிறோம்.

‘கடினம்’ என்று போட்டால் அடுத்தது எளிதாகிவிடும், சரிதானே?

அப்படியொரு நேர்க்கோட்டு விதி இல்லை. நன்றாக எழுதப்பட்ட செயலி உங்கள் பதிலைத் தனியாகப் பார்ப்பதில்லை. அந்தப் பயிற்சி எப்படி இருந்திருக்க வேண்டுமோ அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

உடம்பு தேற, எஃப்டிபியில் 55 சதவீதத்துக்குக் கீழே நடக்கும் ரெக்கவரி மிதிப்பு ‘எளிது’ என்றுதான் வர வேண்டும். 65, 70 சதவீதத்தில் நீண்ட நேரம் மிதித்தால் ‘எளிது’ அல்லது ‘மிதமானது’. எஃப்டிபியை ஒட்டிய இன்டர்வல்கள் ‘கடினம்’ என்று வருவது இயல்பு. 106 முதல் 120 சதவீதம் வரை போகிற குறும் இன்டர்வல்களை ‘மிகக் கடினம்’ என்று சொல்வது குறை சொல்வதாகாது. பயிற்சி சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்று பொருள். அவற்றை ஒருவர் ‘எளிது’ என்றால்தான் செயலி புருவத்தை உயர்த்தும்.

ஆக, செயலிக்குப் பயன்படும் செய்தி எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையே உள்ள இடைவெளிதான். ரெக்கவரி மிதிப்புக்கு நீங்கள் ‘கடினம்’ என்று பதில் தந்தால், அது நூறு வரைபடங்களை விட அதிகம் பேசும்.

கடினத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் சீக்கிரம் முன்னேறலாமா?

நான் செய்து பார்த்தேன். ஒரு செயலியில் சேர்ந்த புதிதில், எல்லாவற்றுக்கும் ஒரு படி குறைத்தே பதில் தட்டினேன். ‘கடினம்’ என்றால் ‘மிதமானது’, ‘மிதமானது’ என்றால் ‘எளிது’. யாரும் பார்க்காத அறையில் யாரிடம் பெருமை அடித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. செயலி நம்பியது. மூன்றாவது வாரத்தில் 4 நிமிட இன்டர்வல்கள் 6 நிமிடமாயின. இடையில் இருந்த ஓய்வு சுருங்கியது. நான்காவது வாரம் இரண்டு பயிற்சிகளைப் பாதியில் விட்டேன். அப்போதும் காரணத்தில் ‘நேரமில்லை’ என்று பொய் சொன்னேன். ஐந்தாவது வாரம் ட்ரெய்னரின் மேல் துணி காய்ந்தது.

செயலியைத் திட்டி ஒரு நீண்ட கடிதமும் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவர்கள் என் பதில்களையே எடுத்து என் முன்னால் வைத்திருப்பார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எப்போதும் ‘மிகக் கடினம்’ என்று போட்டுத் திட்டத்தைத் தணித்துக்கொண்டே போகிறவர்கள். அவர்களுக்குக் காயம் வராது, முன்னேற்றமும் வராது. செயலி அலுப்பூட்டுகிறது என்று சந்தாவை நிறுத்திவிடுவார்கள்.

பதிலை எப்போது தர வேண்டும்? இறங்கிய உடனேவா?

கொஞ்சம் பொறுங்கள். கடைசி இன்டர்வல் கொடூரமாக இருந்தால் முழுப் பயிற்சியும் கொடூரமாகத் தோன்றும். கடைசிப் பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றியிருந்தால் எல்லாம் சுகமாக இருந்ததுபோல் தோன்றும். உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் வகுத்த முறையில், பயிற்சி முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்துத்தான் ‘ஒட்டுமொத்தமாக எப்படி இருந்தது’ என்று கேட்பார்கள். காரணம் இதுதான். குளித்துவிட்டு வந்து தட்டினால் போதும்.

சில இடங்களில் சொல்லாக இல்லாமல் 1 முதல் 10 வரை எண்ணாகக் கேட்கிறார்கள். எந்த எண் எதைக் குறிக்கும்?

இந்த அளவுகோல்களின் மூலவர் ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க். அவருடைய முதல் அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் எண்ணைப் பத்தால் பெருக்கினால் தோராயமாக இதயத்துடிப்பு வருகிற மாதிரி அமைத்தார். 6 என்றால் 60, சும்மா உட்கார்ந்திருப்பவரின் துடிப்பு. பிறகு பத்துக்குள் அடங்கும் அளவுகோலையும் உருவாக்கினார்.

நடைமுறையில் மூச்சையும் பேச்சையும் வைத்து எண் போடுவது எளிது. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் 3, 4. துண்டு துண்டாகத்தான் பேச முடிகிறது என்றால் 6, 7. ‘ம்’ என்பதற்கு மேல் எதுவும் வாயில் வரவில்லை என்றால் 9. பத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வாரா வாரம் பத்து போடுகிறவரின் பத்துக்கு மதிப்பு போய்விடும்.

இந்த எண்ணை நிமிடத்தால் பெருக்கினால் உங்களுக்கே ஒரு சுமைக் கணக்கு கிடைக்கும். 60 நிமிடம், 7 என்றால் 420. 90 நிமிடம், 4 என்றால் 360. வாட்டை அளக்கும் பவர் மீட்டரே இல்லாதவர்களுக்கும் இது உதவும்.

ஒரே சுமைப் புள்ளிதான், ஆனால் ஒன்று என்னைக் கொன்றுவிட்டது, இன்னொன்று ஒன்றுமே செய்யவில்லை. கணக்கில் தப்பா?

கணக்கில் தப்பில்லை, கணக்குக்கு எல்லை உண்டு. புள்ளி என்பது தீவிரத்தின் (எஃப்டிபியில் எத்தனை பங்கு என்பதன்) வர்க்கத்தை மணி நேரத்தாலும் நூறாலும் பெருக்குவது. எஃப்டிபியில் 65 சதவீதத்தில் 2 மணி நேரம் மிதித்தால் 84.5. 92 சதவீதத்தில் 1 மணி நேரம் மிதித்தால் 84.6. எண் ஒன்றுதான், மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது தெரியும் இரண்டும் ஒன்றல்ல என்று. சுமைப் புள்ளியை மட்டும் நம்பிப் பரிந்துரைக்கும் செயலியில் உங்கள் பதில் இன்னும் முக்கியமாகிவிடுகிறது.

பாதியில் நிறுத்திவிட்டேன். காரணம் கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

உண்மையை. ஏனென்றால் ஒவ்வொரு காரணமும் செயலியை வெவ்வேறு பக்கம் தள்ளும். ‘தீவிரம் அதிகம்’ என்றால் உங்கள் நிலை குறையலாம். ‘நேரமில்லை’, ‘கருவிக் கோளாறு’ என்றால் நல்ல செயலி அதை உங்கள் உடலின் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. வீட்டுக்கு ஆள் வந்ததால் இறங்கிவிட்டு அவசரத்தில் ‘தீவிரம் அதிகம்’ என்று தட்டினால், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை.

காரணத்தைத் தேர்வதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சந்தேகப்படுங்கள்.

முதலாவது வெப்பம். மனித உடல் சைக்கிள் மிதிக்கும்போது செலவழிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. 200 வாட் மிதிக்கிறீர்கள் என்றால் 600 முதல் 800 வாட் வரை வெப்பமாக வெளியேற வேண்டும். வெளியில் ஓட்டும்போது எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறைக்குள் அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி இல்லாமல் தோற்ற பயிற்சிக்கு உங்கள் எஃப்டிபியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, எர்க் மோடின் மரணச் சுழல். களைப்பில் கேடன்ஸ் குறையும். வாட்டைப் பிடித்துவைக்க ட்ரெய்னர் தடையைக் கூட்டும். கேடன்ஸ் இன்னும் குறையும். கடைசியில் சேற்றில் மிதிப்பதுபோல் நின்றுவிடும். அதே வாட்டில் கேடன்ஸ் 90-லிருந்து 60-க்கு விழுந்தால் பெடலில் ஒன்றரை மடங்கு விசை கொடுக்க வேண்டியிருக்கும். இது பலவீனத்தைவிட இயந்திரக் கணக்குதான். சில விநாடி மிதிப்பதை நிறுத்தி, கேடன்ஸை மேலே கொண்டுவந்து, தீவிரத்தை 5 சதவீதம் இறக்கித் தொடர்ந்து பாருங்கள். முடித்துவிட்டு, இறக்கினேன் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். என் கருத்தில், 5 சதவீதம் குறைத்து முழுதாக முடித்த பயிற்சி, வீராப்பில் பாதியில் நின்றதைவிடச் செயலிக்கும் உங்களுக்கும் அதிகம் சொல்லும்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தேன். முதல் நாளே பயங்கரமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இதற்கு மூளையே இல்லையா?

மூளை இருக்கிறது, கண் இல்லை. மேலே சொன்ன 42 நாள், 7 நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படுப்பதற்கு முன் இரண்டும் 50 என்று வையுங்கள். ஏழு நாள் ஒன்றுமே செய்யவில்லை. ‘களைப்பு’ 50-லிருந்து சுமார் 18-க்கு இறங்கிவிடும். ‘உடல்தகுதி’ மெதுவாகத்தான் இறங்கும், சுமார் 42. வித்தியாசம் கூட்டல் 24. செயலியின் பார்வையில் நீங்கள் போட்டிக்குத் தயாரான குதிரை. படுக்கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

சொன்னால்தான் தெரியும். பல செயலிகளில் உடல்நலக் குறைவு, பயணம், விடுப்பு என்று நாள்காட்டியில் குறிக்க இடம் இருக்கிறது. படுத்த அன்றே குறித்துவிடுங்கள். அப்படி வசதி இல்லாத செயலியில், முதல் நான்கைந்து நாள் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு நீங்களே மெதுவான மிதிப்பைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சலோடோ நெஞ்சில் சளியோடோ மிதிக்கச் சொன்னால் எந்தப் பரிந்துரையையும் கேட்க வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் இறங்கி மருத்துவரைப் பாருங்கள். அதற்கு ரேட்டிங் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

செயலி தானாகவே என் எஃப்டிபியைக் குறைத்துவிட்டது. ஏற்றுக்கொள்ளவா?

வலிக்கும். எனக்கும் வலித்தது. ஆனால் எஃப்டிபி மதிப்பெண் அல்ல, சட்டை அளவு மாதிரி. உடம்பு மாறினால் அளவும் மாறும். இரண்டு வாரம் புதிய எண்ணில் மிதித்துப் பாருங்கள். எஃப்டிபியை ஒட்டிய பயிற்சிகள் ‘மிதமானது’ என்றே உண்மையாகத் தோன்றினால் அப்படியே பதில் தாருங்கள், அல்லது ஒரு டெஸ்ட் செய்யுங்கள். ஆத்திரத்தில் பழைய எண்ணைக் கையால் திருப்பிப் போடுவதுதான் மோசம். அடுத்து வரும் ஒவ்வொரு பரிந்துரையும் அந்த ஆத்திரத்தின் மேல் கட்டப்படும்.

புது ட்ரெய்னர் வாங்கியதிலிருந்து எல்லாமே கடினமாகிவிட்டது. பதிலில் அதையே சொல்லவா?

முதலில் கருவியைப் பாருங்கள். ஒரு கருவி 2 சதவீதம் கூடவும் இன்னொன்று 2 சதவீதம் குறைவாகவும் காட்டினால், இரண்டுமே விளம்பரத்தில் சொன்ன துல்லியத்துக்குள்தான் இருக்கும். ஆனால் 250 வாட்டில் இடைவெளி 10 வாட். கேலிப்ரேஷன் (அளவீட்டைச் சீராக்குதல்) தேவைப்படும் ட்ரெய்னர் என்றால் பத்து நிமிடம் மிதித்துச் சூடானபின் செய்யுங்கள். பிறகு அந்த ட்ரெய்னரிலேயே புதிதாக எஃப்டிபி எடுங்கள். கருவி சொல்லும் பொய்யை உங்கள் பதில்களால் சரிசெய்ய முயன்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பரிந்துரைத்ததை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்து மிதித்தால் அதுவும் பின்னூட்டமா?

பல செயலிகளில் ஆம், நீங்கள் மிதித்ததுதான் கணக்கில் சேரும். ஏன் மாற்றினீர்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

மாதவிடாய் நாட்கள், தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் இதையெல்லாம் செயலி கணக்கில் எடுக்குமா?

பெரும்பாலும் நீங்களாகச் சொன்னால் ஒழிய எடுக்காது. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அதே வாட் கூடுதல் பாரமாகத் தெரியும். சிலருக்கு ஒரு மாற்றமும் இராது. பொதுவிதி தேடாமல் உங்கள் பதில்களையே இரண்டு மூன்று மாதம் குறிப்போடு சேர்த்து வைத்துப் பாருங்கள், உங்களுக்கான வடிவம் அதில் தெரியும். மருந்து விஷயத்தில் ஒன்று: இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. இதயத்துடிப்பை மட்டும் வைத்துப் பரிந்துரைக்கும் செயலி அவர்கள் சும்மா உலா வந்ததாக நினைத்துக்கொள்ளும். அவர்களுக்கு வாட்டும், தாங்களே உணரும் கடினமும்தான் வழிகாட்டி. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஆப் ஸ்டோரில் ஒரு நட்சத்திரம் போட்டால் பரிந்துரை மாறுமா?

மாறாது. அந்த நட்சத்திரத்துக்கும் உங்கள் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் நிறுவனத்துக்கு எழுதினால் பலன் உண்டா? எப்படி எழுதுவது?

உண்டு, ஆனால் எழுதும் விதத்தைப் பொறுத்தது. தினசரி கேள்விக்கான பதில் உங்கள் திட்டத்தை மட்டும் மாற்றும். பரிந்துரைக்கும் முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்றால் மனிதர்களுக்குத்தான் எழுத வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, செயலியின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் ‘மிகக் கடினம்’ பொத்தானில் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘உங்கள் பரிந்துரை குப்பை, எனக்குச் சரிப்படவே இல்லை’ என்று எழுதினால் வரும் பதில் உங்களுக்கே தெரியும்: ‘வருந்துகிறோம், மீண்டும் இன்ஸ்டால் செய்து பாருங்கள்.’

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செவ்வாய்க்கிழமை 2 மணி நேரம் வெளியே ஓட்டினேன். அது என் கணக்கில் பதிவாகியிருக்கிறது, சுமை 110 என்று காட்டுகிறது. ஆனால் புதன்கிழமைக்கான பரிந்துரை மாறவில்லை; செவ்வாய் ஓய்வெடுத்ததாக வைத்தே 5 முறை 4 நிமிட இன்டர்வல் கொடுத்தது. வெளியே ஓட்டுவது பரிந்துரையில் சேராதா, அல்லது என் கணக்கில் ஏதாவது அமைப்பை மாற்ற வேண்டுமா? ஃபிட் கோப்பை (பயிற்சிப் பதிவை) இணைத்துள்ளேன்.’

நாள், பயிற்சியின் பெயர், எதிர்பார்த்தது, நடந்தது, எர்க் மோட் இருந்ததா இல்லையா, ட்ரெய்னர் மாடல், செயலியின் பதிப்பு எண். ஒரு கடிதத்துக்கு ஒரு பிரச்சினை மட்டும். ஐந்து குறைகளை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் அவற்றில் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். வசைபாடுவதில் தவறில்லை, ஆனால் அதை எழுதி முடித்து அழித்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று. ஒரே மாதிரிப் பயிற்சி திரும்பத் திரும்ப வருகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதில் பாதி குறையே அல்ல. உடம்பு பழக, ஒரே வகை இன்டர்வல் சில வாரம் நீண்டுகொண்டே வருவது திட்டத்தின் அம்சம். நீளமும் எண்ணிக்கையும் மாறாமல் அச்சு அசலாக அதே பயிற்சி நான்காவது வாரமும் வந்தால் அப்போது எழுதலாம்.

ஒரு செயலியில் தரும் பதில் இன்னொன்றுக்குப் போய்ச் சேருமா? என் உடம்பு விவரத்தை அவர்கள் என்ன செய்வார்கள்?

வாட், இதயத்துடிப்பு, நேரம் ஆகியவை பொதுவாகப் போய்ச் சேரும். ‘எப்படி இருந்தது’ என்ற பதில் பெரும்பாலும் கொடுத்த இடத்திலேயே தங்கிவிடும். பயிற்சிகளைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவாவில் நீங்கள் 8 என்று போட்டது பயிற்சித் திட்டம் தரும் செயலிக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தவிர, ஸ்ட்ராவா 2024 நவம்பரில் தன் விதிகளை மாற்றி, அதன் வழியாக எடுக்கும் தரவைக் கொண்டு பிற நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பதைத் தடை செய்தது. ஆகவே உங்கள் கடிகாரத்தையும் சைக்கிள் கம்ப்யூட்டரையும் பயிற்சிச் செயலியோடு நேரடியாகவே இணைத்துவிடுவது நல்லது.

தனியுரிமையைப் பொறுத்தவரை, இதயத்துடிப்பும் நோய்க் குறிப்பும் உடல்நலத் தகவல்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைத் தனி வகையாகவே நடத்துகிறது. தன் தரவின் நகலைக் கேட்கவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. குறிப்புப் பெட்டியில் எழுதும்போது இதை மனத்தில் வையுங்கள். ‘தூக்கம் சரியில்லை’ என்பது செயலிக்குப் போதும். ஏன் சரியில்லை என்ற கதை அதற்கு வேண்டாம்.

நேற்றுப் பதில் தர மறந்தேவிட்டேன். இன்று போய்த் தரலாமா?

அந்தப் பயிற்சியைத் திறந்தால் பல செயலிகளில் இடம் இருக்கும். கால் இன்னும் கனமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். மூன்று நாள் ஆகிவிட்டது, எப்படி இருந்தது என்றே ஞாபகமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஊகித்து எதையும் நிரப்ப வேண்டாம்.